முதல் ஆறு கிழமை: கோழிக்குஞ்சுகளை நோயிலிருந்து காப்பது எப்படி?

(வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சு பெறும் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கலந்துரையாடலில் ஆற்றிய உரை)



இங்கே வந்திருக்கிற அம்மாமார், ஐயாமார், தம்பி தங்கச்சிமார் பலர் இன்னும் சில நாட்களில் கோழிக்குஞ்சு பெறப்போகிறவர்கள். இன்னும் சிலர் ஊர்க்கோழி ஒன்றை அடை வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இடம்பெயர முன்னர் உங்கள் எல்லோருடைய வளவிலும் கோழி நின்றது. ஆனால் அது தானாக அடைகிடந்து, தானாகக் குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிந்து வளர்த்த கோழி. இப்போது உங்கள் கைக்கு வரப்போவது தாயில்லாத குஞ்சு. அதை வளர்ப்பது உங்களில் பலருக்கு இதுதான் முதல் தடவை.

நான் கால்நடை வைத்தியர் அல்ல. கால்நடை வைத்திய அலுவலகத்தினர் சொல்வதையும், உங்களுக்கு முன்னர் குஞ்சு வளர்த்த குடும்பங்கள் சொல்வதையும் சேர்த்து உங்களுக்கு விளங்கும்படி சொல்வதுதான் என்னுடைய வேலை.

குஞ்சு சாகத் தொடங்கியதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மிஸ், இதுக்கு என்ன மருந்து குடுக்கிறது?" ஆனால் முதல் பத்து நாளில் சாகிற குஞ்சுகளில் பெரும்பாலானவை மருந்தால் காப்பாற்றக்கூடியவை அல்ல. அவை குளிரால், ஈரத்தால், தாகத்தால் சாகின்றன. அதற்குப் பிறகு கூட்டமாகச் சாகிறவை தொற்றுநோயால் சாகின்றன. அவற்றில் மிகக் கொடிய நோய்க்கு மருந்தே இல்லை. முன்கூட்டியே போடுகிற தடுப்பூசி மட்டும்தான் உண்டு. ஆகவே இன்றைக்கு நான் மருந்தைப் பற்றிக் குறைவாகவும், மருந்து தேவைப்படாமல் செய்வதைப் பற்றிக் கூடுதலாகவும் பேசப்போகிறேன்.

குஞ்சு வருமுன்

குஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு இடம் தேடக்கூடாது. முதல் நாளே இடம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பத்துப் பதினைந்து குஞ்சுகளுக்கு மூன்று நான்கு அடி அகலமான வட்டம் ஒன்று போதும். காட்போட் பெட்டியை வெட்டி வளைக்கலாம். தகரத் துண்டை வளைக்கலாம். பனையோலைப் பாயையும் சுற்றி நிறுத்தலாம். ஒன்றரை அடி உயரம் போதும். ஏன் வட்டமாக இருக்க வேண்டும்? மூலை இருந்தால் குளிரும்போதும் பயப்படும்போதும் குஞ்சுகள் அந்த மூலையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். கீழே அகப்பட்டது மூச்சுத் திணறிச் சாகும். விடியப் பார்த்தால் காயம் ஒன்றும் இராது, குஞ்சு செத்துக் கிடக்கும். அதை நோய் என்று நினைப்போம்.

நிலத்தில் காய்ந்த உமியை இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். பூஞ்சணம் பிடித்த உமியோ ஈர மரத்தூளோ வேண்டாம். அந்தப் பூஞ்சணம் குஞ்சின் சுவாசப்பைக்குள் போனால் வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சுவிட்டுச் சாகும். முதல் இரண்டு மூன்று நாள் உமியின் மேல் ஒரு சாக்கை விரித்துவிடுங்கள், குஞ்சு உமியைத் தீன் என்று கொத்தித் தின்னாது. வழுக்குகிற பத்திரிகைத் தாளை விரிக்க வேண்டாம். அதில் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோன குஞ்சு எழும்பி நடக்காது, தீனுக்கும் தண்ணீருக்கும் போகாது.

நீங்கள் இருப்பது பெரும்பாலும் தறப்பாள் போட்ட அல்லது தகரம் போட்ட தற்காலிக வீடு. தகரத்தின் கீழ் மத்தியானம் வெக்கை, விடியப்புறம் குளிர். மார்கழி, தை மாதப் பனியில் இது இன்னும் மோசம். ஒரே நாளில் குஞ்சு இரண்டையும் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே குஞ்சு வட்டத்தைத் தகரத்துக்கு நேர் கீழே வைக்காமல், கிடுகு அல்லது ஓலை வேய்ந்த தாழ்வாரத்தில், காற்று நேரே அடிக்காத பக்கத்தில் வையுங்கள். கூரை தகரம்தான் என்றால் அதன்மேல் கிடுகோ வைக்கோலோ பரப்பிவிடுங்கள்.

சூடு: குஞ்சே சொல்லும்

பொரித்து வந்த குஞ்சுக்கு இறகு இல்லை, பூமயிர் மட்டும்தான். தன் உடம்புச் சூட்டைத் தானே பிடித்து வைத்திருக்க அதனால் முடியாது. தாய்க்கோழியின் செட்டைக்குக் கீழே கிடைக்கும் சூட்டை நாங்கள் கொடுக்க வேண்டும். முதல் கிழமை ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ். பிறகு ஒவ்வொரு கிழமையும் மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். எங்கள் பக்கத்துக் காலநிலையில் இரண்டாம் கிழமைக்குப் பிறகு பகலில் பெரும்பாலும் சூடு தேவைப்படாது. இரவில் மூன்று நான்கு கிழமை வரை தேவைப்படலாம்.

மின்சாரம் வந்துவிட்ட வீடுகளில் ஒரு 40 அல்லது 60 வாட் குண்டு மின்குமிழை உமியில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டால் போதும். சிக்கன மின்குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. மின்சாரம் இன்னும் வராத இடங்களில் அரிக்கன் லாம்பை நடுவில் வைத்துச் சுற்றிவரக் கம்பிவலை கட்டுங்கள். சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியால் சுற்றி வைத்தாலும் சில மணித்தியாலம் தாங்கும்; ஆறினால் மாற்ற வேண்டும். மண்சட்டியில் தணல் வைப்பவர்கள் இரண்டு விடயத்தை மறக்க வேண்டாம். ஒன்று, ஓலைக் கொட்டில் பற்றினால் குஞ்சோடு வீடும் போகும். மற்றது, கதவை மூடிக்கொண்டு நீங்களும் பிள்ளைகளும் படுக்கும் இடத்தில் தணல் வைக்கவே கூடாது. அந்தப் புகையில் உள்ள நஞ்சு நித்திரையிலேயே ஆளைக் கொல்லும்.

சூட்டை அளக்கக் கருவி வேண்டாம். குஞ்சைப் பாருங்கள்.

எல்லாம் லாம்புக்குக் கீழே நெருங்கிக் குமிந்துகொண்டு, விடாமல் கீச்சிட்டுக் கத்தினால் குளிர்.

லாம்பை விட்டு ஓரத்துக்குப் போய், வாயைத் திறந்து, செட்டையை விரித்துக்கொண்டு நின்றால் சூடு கூட.

எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மற்றப் பக்கத்தால் காற்று அடிக்கிறது.

வட்டம் முழுக்கப் பரவி, சில தீன் தின்ன, சில படுத்துக் கிடக்க, மெல்லிய சத்தம் மட்டும் கேட்டால் எல்லாம் சரி.

இரவு படுக்கப்போக முதல் ஒரு தடவை, விடியப்புறம் மூன்று நான்கு மணிக்கு ஒரு தடவை எழும்பிப் பாருங்கள். குளிர் கூடுகிற அந்த விடியப்புறத்தில்தான் கூடுதலான குஞ்சு சாகும். முதல் பத்து நாளுக்கு இந்தக் கஷ்டம் உண்டு. கைக்குழந்தை வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

முதலில் தண்ணீர், பிறகு தீன்

குஞ்சு முட்டையை விட்டு வரும்போது மஞ்சள் கருவின் மிச்சம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் இரண்டு மூன்று நாள் தீன் இல்லாமல் பெட்டியில் தூர இடத்தில் இருந்து வர முடிகிறது. ஆனால் தாகம் அப்படி அல்ல. வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர்தான் வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அதன் சொண்டை ஒரு தடவை தண்ணீரில் தொட்டு விடுங்கள். தாய் இல்லாத குஞ்சுக்குக் குடிக்கக் காட்டிக் கொடுக்க யாராவது வேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு தீன் போடுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரம் ஆழமில்லாததாக இருக்க வேண்டும். சிறிய தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு உள்ளே விழுந்து நனையாது. நனைந்த குஞ்சு குளிரில் சாகும். ஒரு ரின்னில் விளிம்புக்குச் சற்று உள்ளே ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பித் தட்டில் கவிழ்த்து வைத்தால் இன்னும் நல்லது. காலையும் பின்னேரமும் கழுவி மாற்றுங்கள்.

பாத்திரம் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. கிருமிநாசினி இருந்த போத்தலோ ரின்னோ எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். வளவு துப்பரவாக்கும்போது கிடைக்கும் இரும்புப் பெட்டி, கோது, குழாய் எதையும் தீன்பாத்திரமாக்க எடுக்க வேண்டாம். அப்படி ஏதும் கண்டால் தொடாமல், அடையாளம் வைத்துக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

தீனைப் பொறுத்தவரை, முதல் ஆறு கிழமையும் கடையில் விற்கும் குஞ்சுத் தீன்தான் நல்லது. அதில் 20 வீதமளவில் புரதமும் தேவையான விற்றமின்களும் இருக்கும். வெறும் குறுணல் அரிசி மட்டும் போட்டு வளர்த்த குஞ்சு வயிறு நிறைந்திருந்தும் வளராது. விரல் உள்ளே மடங்கும், கால் சோரும். காசு இல்லாத நாட்களில் குறுணலோடு அவித்த முட்டை, நன்றாகக் காய்ந்த மீன்தூள், பொடியாக அரிந்த முருங்கையிலை சேருங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு, பழுதான சோறு கொடுக்க வேண்டாம். அது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு.

கறையான் குஞ்சுக்கு அருமையான தீன் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கறையான் புற்றுத் தேடிப் பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்ப வேண்டாம். கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடத்தில், உங்கள் வளவுக்குள் கிடைப்பதை மட்டும் எடுங்கள். வளவிலேயே பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணமும் வைக்கோலும் நனைத்து அடைத்துக் கவிழ்த்து வைத்தால் கறையான் தானாக அதற்குள் ஏறும். சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் எந்தக் கோழித் தீனும் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எந்த வயதில் எந்த வருத்தம்

எல்லா வருத்தமும் எல்லா வயதிலும் வருவதில்லை. குஞ்சின் வயதைத் தெரிந்தாலே பாதி விளங்கிவிடும்.

முதல் மூன்று நாள். கூடுதலாகக் காண்பது பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்துபோவது. வழி அடைபட்டால் குஞ்சு எச்சம் போடமுடியாமல் செத்துவிடும். பிடித்து இழுக்க வேண்டாம், தோலோடு வரும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து மெல்லத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிச் சூட்டில் விடுங்கள். ஆனால் வயிற்றின் நடுவே காய்ந்த பொருக்குப் போல ஒன்று இருந்தால் அது தொப்புள், அதைத் தொடவே வேண்டாம். வயிறு ஊதி, தொப்புள் சிவந்து, கெட்ட மணம் வந்தால் தொப்புள் வழியாகக் கிருமி போயிருக்கிறது. அந்தக் குஞ்சு தப்புவது அரிது. மற்றவற்றில் இருந்து பிரித்துவிடுங்கள்.

முதல் இரண்டு கிழமை. வெள்ளையாக, சுண்ணாம்புக் கரைசல் போலக் கழிந்துகொண்டு, கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சாகுமானால் அது புலோரம் என்ற நோயாக இருக்கலாம். இது தாய்க்கோழியில் இருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும். தப்பிய குஞ்சும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். ஆகவே அப்படித் தப்பியதைப் பிறகு முட்டைக்கும் அடைக்கும் வைத்திருக்கக்கூடாது. கால்நடை வைத்தியருக்குக் கட்டாயம் காட்ட வேண்டும்.

மூன்றாம் கிழமையில் இருந்து ஆறாம் கிழமை வரை. இந்த வயதில் கவனிக்க வேண்டியது இரத்தக் கழிச்சல். குஞ்சு இறகைச் சிலிர்த்து, முதுகைக் கூனி, தின்னாமல் நிற்கும். எச்சத்தில் இரத்தம் இருக்கும். ஆங்கிலத்தில் கொக்சிடியோசிஸ் என்பார்கள். நோயுள்ள குஞ்சின் எச்சத்தோடு வெளியே வரும் நுண்ணிய முட்டை உடனே தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில்தான் தொற்றும் நிலைக்கு வரும். உமி காய்ந்திருந்தால் அது அடங்கிப்போகும். ஆகவே தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளி எறிந்து காய்ந்த உமி போடுவதே இந்த நோய்க்கு முதல் வைத்தியம். தெளிக்கிற கிருமிநாசினி பலவற்றுக்கு அந்த முட்டை சாகாது. நோய் கண்டால் மருந்து உண்டு. அம்புரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அளவையும் நாளையும் வைத்தியர் சொல்வார். ஒரு குஞ்சில் கண்டாலும் அந்த வட்டத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும்.

இதே வயதில் கம்போறோ என்ற நோயும் வரும். வெள்ளைத் தண்ணீராகக் கழியும், உடம்பு நடுங்கும், திடீரென்று பல சாகும். தப்பியவற்றுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும். இதற்கும் மருந்து இல்லை, தடுப்பு மருந்து உண்டு.

கோழி அம்மை எந்த வயதிலும் வரலாம். பூவிலும் கண்ணைச் சுற்றியும் பருப்போலக் கட்டி வந்து பொருக்குத் தட்டும். நுளம்புதான் இதைக் காவும். மழைக்காலத்தில் சிரட்டை, ரயர், தகரம் எதிலும் தண்ணீர் தேங்க விடாமல் பார்த்தால் டெங்குவும் குறையும், கோழி அம்மையும் குறையும். கோழிக்கு வரும் அம்மை வேறு, ஆட்களுக்கு வரும் அம்மாள் வருத்தம் வேறு. கோழியில் இருந்து பிள்ளைக்கு அது தொற்றாது. அதேபோல "அம்மாள் வந்தால் மருந்து செய்யக்கூடாது" என்று கோழிக்கும் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம். கண் மூடிப்போன குஞ்சுக்குத் தீனும் தண்ணீரும் ஊட்டாவிட்டால் அது பசியிலேயே சாகும்.

ராணிக்கெட்: மருந்து இல்லாத நோய்

எல்லாவற்றிலும் பெரிய நோய் இதுதான். நியூகாசில் நோய் என்றும் சொல்வார்கள். பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சிழுக்கும், கழுத்து முறுக்கிப் பின்னால் போகும், செட்டையும் காலும் விழும். சில வேளை ஒரு அறிகுறியும் இல்லாமல் இரவு நல்லாக நின்றது விடியச் செத்துக் கிடக்கும். தடுப்பூசி போடாத கூட்டத்துக்குள் புகுந்தால் சில நாட்களிலேயே முழுக் கூட்டத்தையும் அள்ளிக்கொண்டு போகும்.

"ஊர்க்கோழிக்கு வருத்தம் வராது, அது தாங்கும்" என்று பலர் சொல்கிறார்கள். வெயிலையும் மழையையும் அது தாங்கும்; தீன் தேடித் தின்னும். ராணிக்கெட்டைத் தாங்காது. முன்பும் ஊரில் சில வருடம் கோழி எல்லாம் ஒருசேரத் தூங்கித் தூங்கிச் செத்ததைக் கண்டிருப்பீர்கள். அப்படி ஒருசேரச் சாவதற்கு முதல் காரணமாகச் சந்தேகிக்க வேண்டியது இந்த நோயைத்தான்.

இது வைரசால் வருவது. பார்மசியில் வாங்கும் கப்சியூலை உடைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆட்களுக்குத் தந்த மாத்திரையைக் கோழிக்குக் கொடுப்பதால் காசும் போகும், நோயும் நிற்காது, இறைச்சியிலும் முட்டையிலும் அந்த மருந்து தங்கும்.

தடுப்பு மருந்து அட்டவணையைப் பொதுவாகச் சொல்கிறேன். ஏழாம் நாள் அளவில் ராணிக்கெட்டுக்குக் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு துளி. பதினான்காம் நாள் அளவில் கம்போறோவுக்கு. மூன்றாம் நான்காம் கிழமையில் ராணிக்கெட்டுக்கு மறுபடியும். ஆறாம் கிழமைக்குப் பிறகு அம்மைக்குச் செட்டையில் குத்துவது. உங்கள் பிரதேசக் கால்நடை வைத்தியர் தரும் அட்டவணை இதில் இருந்து சற்று மாறலாம். அவர் சொல்வதையே பின்பற்றுங்கள். ஒரு மாதக் குஞ்சாகப் பெறுகிறவர்கள், என்னென்ன தடுப்பு மருந்து எந்தத் திகதியில் போடப்பட்டது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நோய் வந்த குஞ்சுக்குத் தடுப்பு மருந்து போட்டுப் பயனில்லை. நல்லாக நிற்கும்போதுதான் போட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தத் தடுப்பு மருந்து சிறிய போத்தலில் வரும். ஆனால் ஒரு போத்தலே நூற்றுக்கணக்கான கோழிக்குப் போதும். திறந்து கலக்கினால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கென்று வைக்க முடியாது. கொண்டுவரும் வழியெல்லாம் ஐஸோடு குளிராக இருக்க வேண்டும். சூடு பட்டால் உயிருள்ள மருந்து செத்துவிடும். போட்டும் போடாதது போலத்தான். ஆகவே பத்துக் குஞ்சு வைத்திருக்கிற ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு போத்தலை உடைப்பது வீண்.

அதனால் இதை ஒரு வீடாகச் செய்ய முடியாது, ஒரு ஊராகச் செய்ய வேண்டும். பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து ஒரு நாளைத் தீர்மானியுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியருக்கு முன்கூட்டியே அறிவிக்கட்டும். அன்றைக்கு விடிய, கோழியைக் கூட்டால் திறந்துவிடாமல் எல்லோரும் வைத்திருந்தால் இரண்டு மணித்தியாலத்தில் முழு ஒழுங்கைக்கும் போட்டு முடிக்கலாம். குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தானால் அண்மையில் குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்க வேண்டாம், குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். உதவி பெறாத அயல்வீட்டுக் கோழியையும் கட்டாயம் சேருங்கள். நோய் வேலி பார்த்து வருவதில்லை. உங்கள் குஞ்சுக்குப் போட்டு, அடுத்த வளவில் போடாமல் விட்டால், நோய்க்கு ஒரு வீடு அங்கே இருக்கிறது.

நோயை வளவுக்குள் கொண்டுவராமல்

சந்தையில் வாங்கிய கோழியை, சொந்தக்காரர் தந்த கோழியைக் கொண்டுவந்த அன்றே மற்றவற்றோடு விட வேண்டாம். இரண்டு கிழமை தூரத்தில் தனியாக வைத்துப் பாருங்கள். பெரிய கோழியும் குஞ்சும் ஒரே இடத்தில் வேண்டாம். பெரிய கோழி நோயைக் காவிக்கொண்டு சுகமாகத் திரியும், குஞ்சு தாங்காது. தீன் போடும்போது முதலில் குஞ்சுக்கு, கடைசியில் வருத்தமான கோழிக்கு. வேறு வளவில் கோழி செத்தது பார்க்கப் போனால் காலையும் செருப்பையும் கழுவாமல் உங்கள் கூட்டுக்குப் போக வேண்டாம்.

அடை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சொல். அடைக்கோழியின் உடம்பில் பேனும் தெள்ளும் இருந்தால், 21 நாளில் குஞ்சு பொரிக்கும்போது அவை குஞ்சுக்கு மாறும். இரத்தம் குடிக்கப்பட்ட குஞ்சு வெளிறிச் சோர்ந்து சாகும். அடை வைக்க முன்னரே கோழியைப் பரிசோதித்து, கூட்டில் பழைய வைக்கோலை எரித்து, புதிது போடுங்கள். பொரித்த பிறகு முதல் இரண்டு மூன்று கிழமை தாயையும் குஞ்சையும் கூடைக்குக் கீழே அல்லது அடைத்த இடத்தில் வைத்திருங்கள். காகம், பருந்து, கீரி மூன்றுக்கும் இது ஒன்றே காவல்.

செத்த குஞ்சை வேலிக்கு வெளியே, குளத்துக்குள், பற்றைக்குள் எறிய வேண்டாம். நாயும் காகமும் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோகும். கிணற்றுக்குத் தூரமாக இரண்டு அடிக்குக் குறையாமல் வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள், அல்லது எரியுங்கள். வெட்டுவதற்கும் துப்பரவாக்கப்பட்ட நிலத்தையே தெரிவு செய்யுங்கள். நோயில் செத்ததைக் கறியாக்க வேண்டாம். சாகப்போகுது என்று அவசரத்தில் விற்கவும் வேண்டாம். வாங்குகிறவரும் உங்களைப்போல ஊருக்குத் திரும்பி வந்து புதிதாகத் தொடங்குகிற ஒருவராக இருப்பார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும்

குஞ்சைக் கண்டால் பிள்ளைகளுக்குச் சந்தோசம். கையில் எடுப்பார்கள், முகத்தில் வைத்துக் கொஞ்சுவார்கள். சுகமாக நிற்கும் குஞ்சின் எச்சத்திலும் ஆட்களுக்கு வயிற்றோட்டம் வரச் செய்யும் கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் வயோதிபருக்கும் இது கூடுதலாகத் தாக்கும். குஞ்சைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். குஞ்சு வட்டத்தைக் குசினிக்குள், குடிதண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், பிள்ளை படுக்கும் பாய்க்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். குளிரும் களவும் பயந்து வீட்டுக்குள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் ஒரு தட்டியாவது நடுவில் கட்டுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது?

ஒரு பழைய கொப்பியை எடுத்து நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: இன்று எத்தனை குஞ்சு, எவ்வளவு தீன், செத்தது எத்தனை, போட்ட மருந்து என்ன. எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லுங்கள். "கொஞ்சம் கொஞ்சமாச் செத்துக்கொண்டு போகுது" என்றால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. "பன்னிரண்டாம் நாள் ஒன்று, பதின்மூன்றாம் நாள் மூன்று, எல்லாம் வெள்ளையாகக் கழிந்தது" என்றால் நோயின் பாதையை அவர் கண்டுபிடிப்பார்.

முதல் இரண்டு மூன்று நாளில் பலவீனமான ஒன்று சாகலாம், பதற வேண்டாம். சூட்டையும் தண்ணீரையும் சரிபாருங்கள். ஆனால் முதல் கிழமைக்குப் பிறகு ஒரே நாளில் இரண்டு செத்தால், எச்சத்தில் இரத்தம் கண்டால், ஒன்றின் கழுத்தாவது முறுகினால், அடுத்த நாளுக்கென்று பார்க்க வேண்டாம். வருத்தமானதைப் பிரித்துவிட்டு, அன்றே அறிவியுங்கள். அப்போதுதான் செத்த குஞ்சு ஒன்றை இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, முடிந்தால் ஐஸோடு, கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் வெட்டிப் பார்த்துச் சொல்வார்கள். பிந்தினால் பழுதாகி ஒன்றும் தெரியாது. அலுவலகம் தூரம் என்றால் எங்கள் களப் பணியாளரிடம் சொல்லுங்கள். எங்கள் உதவித் திட்டத்தில் குஞ்சு செத்ததைச் சொன்னால் உதவி நிறுத்தப்படுமோ என்று ஒருவரும் பயப்பட வேண்டாம், அப்படி நிறுத்தப்படாது. மறைத்தால்தான் அடுத்த வீட்டுக்கும் போகும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். வாழ்வாதார உதவி பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். இந்தப் பத்துக் குஞ்சில் ஏழு எட்டு வளர்ந்தால், ஐந்து ஆறு மாதத்தில் பேடுகள் முட்டையிடத் தொடங்கும். பிள்ளையின் சாப்பாட்டுக்கு முட்டை, கொப்பிக்கும் சவர்க்காரத்துக்கும் கைக்காசு, அடை வைக்க அடுத்த கூட்டம். தனியாகக் குடும்பத்தைக் கொண்டுபோகும் பெண்களுக்கு வளவை விட்டு வெளியே போகாமல் கிடைக்கும் வருமானம் இது. பத்தும் முதல் மாதத்தில் செத்தால் கூடு மட்டும்தான் மிஞ்சும். அந்தக் கூட்டுக்குள் பிறகு விறகு அடுக்கியிருப்பதைப் பல வளவுகளில் காணலாம்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் மூன்று வேலை செய்யுங்கள். உமியைக் காயப்போடுங்கள். லாம்பு, போத்தல், தட்டு மூன்றையும் தேடி வையுங்கள். உங்கள் ஒழுங்கையில் யார் யார் வீட்டில் எத்தனை கோழி நிற்கிறது என்று ஒரு கணக்கு எடுங்கள். அந்தக் கணக்கை மாதர் சங்கத் தலைவியிடம் கொடுத்தால் தடுப்பு மருந்துக்கு நாள் குறிக்கலாம்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.